'ஆறு' என்றால் வழியா?

கேள்வி: 'ஆறு' என்ற சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. நீர் தனக்கு வகுத்துக்கொண்ட வழி என்பதால்தான் நதிக்கு அந்தப் பெயர் வந்தது என்கிறார்களே, சரியா? எண்ணைக் குறிக்கும் ஆறும் அதே சொல்தானா?

பதில்: கேட்பதற்கு அழகான விளக்கம்தான்; ஆனால் சொல்லின் பழைய வடிவம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. நீரோடும் ஆற்றுக்கு முன்னாளில் வழங்கிய பெயர் 'யாறு'. 'யாதும் ஊரே' என்று தொடங்கும் கணியன் பூங்குன்றனாரின் பாட்டில் (புறநானூறு 192) புணை மிதந்து செல்வது 'மல்லற் பேர்யாற்று' நீரின் போக்கில்தான். யாடு ஆடாகவும் யாண்டு ஆண்டாகவும் மாறியதுபோலவே, முதலில் நின்ற யகரம் தேய்ந்து யாறும் ஆறாயிற்று.

இதற்குத் தெலுங்கு நல்ல சாட்சி. தமிழில் 'யா' என்று தொடங்கிய இத்தகைய சொற்கள் அங்கே ஏகாரத்தில் தொடங்குகின்றன: யானை ஏனுகு, யாண்டு ஏடு, யாறு ஏரு. எண்ணுக்கோ அங்கும் 'ஆரு' என்றே பெயர். ஆகவே நதிக்கும் எண்ணுக்கும் உறவில்லை. யகரம் உதிர்ந்ததால் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன, அவ்வளவே.

வழியைக் குறிக்கும் ஆறு மூன்றாவது சொல். 'அறத்தாறு இதுவென வேண்டா' என்ற குறளில் (37) வருவது இதுதான். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிர்ப்படும் இன்னொரு பாணனை வள்ளல் இருக்கும் இடத்துக்கு வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. அதில் நதியைத் தேடிப் பயனில்லை. இந்தச் சொல் வழக்கிழந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 'வரலாறு' என்று சொல்லும்போதும், 'பின்வருமாறு', 'கேட்டுக்கொள்ளுமாறு' என்று கடிதத்தில் எழுதும்போதும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

வேற்றுமை உருபு சேர்ந்தால் எண் தனித்து நின்றுவிடும். 'ஆறிலும் சாவு, நூறிலும் சாவு' என்பதில் றகரம் இரட்டிக்கவில்லை. 'ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்' என்பதில் இரட்டிக்கிறது. வழியைக் குறிக்கும் சொல்லும் இரட்டிப்பதுதான் அதையும் நதியையும் ஒன்றெனக் கருத வைத்தது. நதிப் பெயர் ஊர்ப் பெயராகும்போது இந்த இரட்டிப்பு நழுவுவதும் உண்டு. அடையாற்றில் வெள்ளம் என்று எழுதுபவர்களே அடையாறில் வீடு என்றும் எழுதுகிறார்கள்.