மூன்று ஏக்கருக்கு நாலு சில்லு மெசின் வேண்டுமா?

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் மூன்று ஏக்கர் வயலும், வீட்டோடு ஒரு ஏக்கர் மேட்டுநிலமும் இருக்கிறது. பெரும்போகம் தொடங்கினால் கூலி உழவு மெசினுக்குக் காத்திருந்தே முதல் மழை ஈரம் போய்விடுகிறது. தரகர் ஒருவர் பழைய மெசி 240 நாலு சில்லு மெசின், மண்ணைச் சுழற்றி அடிக்கிற ரொட்டவேட்டர், பின்னால் இழுக்கிற பெட்டி மூன்றையும் சேர்த்து லீசிங்கில் முடித்துத் தருகிறேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். எடுக்கலாமா?

பதில்: தம்பி, முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள். ஐந்தடி ரொட்டவேட்டர் பூட்டிய 240 ஒரு ஏக்கரை ஒரு தடவை அடிக்க ஒன்று, ஒன்றேகால் மணித்தியாலம் போதும். மூன்று ஏக்கரையும் இரண்டு தடவை அடித்தால் எட்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு போகம் செய்தாலும் வருடத்துக்கு 16 மணித்தியாலம். மிச்ச நாளெல்லாம் மெசின் மாமரத்தடியில் நிற்கும், லீசிங் மட்டும் மாதாமாதம் ஓடும்.

"ஏன் சும்மா நிற்கவேணும், மண் ஏற்றினால் லீசிங் காசு தானாக வரும்" என்று தரகர் சொல்லியிருப்பாரே? சொல்லாத தரகரை நான் கண்டதில்லை. ஆற்றுமண் ஏற்ற புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் மெசினும் பெட்டியும் பொலிஸ் வளவில் வெயில் காயும். முறையாக அனுமதி கேட்டு அலைகிற ஏழைக்கு ஒரு கையெழுத்துக்கு நாலு நடை. இரவில் களவாக ஏற்றுகிறவனுக்கு ஒரு நடையும் இல்லை. இந்த அழகில் நீங்கள் அந்தத் தொழிலை நம்பிக் கடன்படவேண்டாம்.

உங்கள் அளவுக்கு 12 குதிரைவலு லேண்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லுக் கைமெசின், ஒன்று காணும். அதற்கு ரொட்டரி, சேற்றுக்கு இரும்புச் சில்லு, ஒரு மட்டப்பலகை, சின்னப் பெட்டி. ஏக்கருக்கு அரைநாள் பிடிக்கும்; பிடிக்கட்டும். ஈரம் இருக்கிற அன்றே நீங்கள் இறங்கலாம், உங்கள் கவலை அதுதானே. மேட்டுநிலத்துக்கும் அது போதும். புழுதி உழவுக்கு மட்டும் கொத்துக்கலப்பை பூட்டிய பெரிய மெசினை ஒருநாள் கூலிக்குப் பிடியுங்கள். வயலுக்குள் விடமுன் கலப்பையில் ஒட்டியிருக்கும் சேற்றைக் கழுவச் சொல்லுங்கள். பக்கத்து வட்டையின் (வயல்வெளியின்) பன்னெல் என்கிற களைநெல் அந்தச் சேற்றோடுதான் வரும்.

பெரிய மெசின் சரிவருகிற இடம் ஒன்று உண்டு. உங்கள் வட்டையிலேயே 30, 40 ஏக்கரைக் கூலிக்கு அடிக்கக் கிடைத்து, ஓட்டுகிறவரும் வீட்டு ஆளாக இருந்தால் எடுக்கலாம். வீட்டு ஆள் என்று அழுத்திச் சொல்கிறேன். கூலிக்கு ஓட்டுகிறவருக்கு ஏக்கர்க் கணக்கில் காசு. சுரி நிலம் என்று தெரிந்தாலும் இறக்கிவிடுவார், அச்சு மட்டத்துக்குப் புதைந்த பிறகுதான் உங்களுக்கு அழைப்பு வரும். வீட்டுப் பிள்ளை என்றால் வரம்பில் நிறுத்திவிட்டு முதலில் காலால் மிதித்துப் பார்ப்பான். அவனுடைய சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஜி வகுப்பு இருக்கவேண்டும். கூலி வேலையும் வாய்ப்பேச்சாக இருக்கக்கூடாது. போகம் தொடங்க முன் யார் யாருடைய வயல், எத்தனை ஏக்கர் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். "எல்லாரும் கூப்பிடுவாங்க" என்பதெல்லாம் கணக்கில்லை. அப்படி எடுத்தாலும் முதலில் கொத்துக்கலப்பை, பிறகு ரொட்டவேட்டர். தட்டுக்கலப்பையைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விட்டுவிடுங்கள்.

இவ்வளவு சொல்லியும் ஞாயிறு போகத்தான் போகிறீர்கள், எனக்குத் தெரியும். போகமுன் வாகன இலக்கத்தை வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் போட்டுப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் விற்கிறவருக்கு அது இன்னும் சொந்தமில்லை. பெட்டிக்குத் தனி இலக்கம், அதையும் பாருங்கள். வாங்குகிறவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த பத்திரத்தை நீட்டி, "ஓப்பின் பேப்பர் இருக்கு, பிறகு மாத்தலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மண் வழக்கில் பிடிபட்டு, பிணைமுறியில் வெளியே வந்த மெசின்களையும் இப்படித்தான் கைமாற்றுகிறார்கள். வழக்கு முடியாத மெசினை வாங்கினால் நீதிமன்ற வாசலில் நிற்கப்போவது நீங்கள்.

புதுப் பெயின்ற் பளபளப்பைப் பார்க்கவேண்டாம். பின்பக்க ஹைட்ரோலிக் ஒயிலின் அளவுக்கம்பியை இழுத்து விரலில் தொட்டுப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறம் என்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எங்கேயோ புதைந்து கிடந்த மெசின். பிறகு ரொட்டவேட்டரைத் தூக்கி வைத்து என்ஜினை நிறுத்துங்கள். நீங்கள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிறதுக்குள் அது நிலத்துக்கு வந்துவிட்டால் ஹைட்ரோலிக்குக்குப் பெரிய செலவு இருக்கிறது. என்ஜின் ஓடும்போது ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை தள்ளக்கூடாது.

பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தால் ஏழு மணிக்கே போய் நில்லுங்கள், தரகருக்குச் சொல்லாமல். போனதும் ரேடியேட்டரில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் வராத மெசினை உங்களுக்காக முன்னமே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள்.