அமெரிக்க ஊடகங்கள் கறுப்பின குவார்ட்டர்பேக்குகளை (அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசி அணியை நடத்துபவர்களை) இன்னமுமா பாரபட்சமாக நடத்துகின்றன? மஹோம்ஸ், லமார் ஜாக்சன் எல்லாம் உச்சத்தில்தானே இருக்கிறார்கள்?

நீங்கள் ஹைலைட்ஸ் மட்டும் பார்ப்பவர் என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஹைலைட்ஸில் ஆட்டம் தெரியும், பேச்சு தெரியாது. கோளாறு பேச்சில்தான் இருக்கிறது. (கீழே வந்து "காலால் உதைப்பதுதான் ஃபுட்பால்" என்று கமென்ட் போடப்போகிறவர்களுக்கு ஒரு கும்பிடு. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். பற்றி எதை எழுதினாலும் முதல் கமென்ட் அதுதான். அந்தப் பஞ்சாயத்து இன்னொரு நாள்.)

இன்று யாரும் வெளிப்படையாகத் திட்டுவதில்லை, புகழத்தான் செய்கிறார்கள். எதைப் புகழ்கிறார்கள் என்று பாருங்கள். கறுப்பினத்தவருக்கு "என்ன வேகம், என்ன உடல்வாகு". வெள்ளையருக்கு "என்ன கணிப்பு, ஆட்டத்தை எப்படிப் படிக்கிறார்".

உண்மையில் இந்த வேலையில் முக்கால்வாசி பந்து கைக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. அடுத்த ஆட்டத்தைத் தொடங்க 40 நொடிக் கடிகாரம் ஓடும். ஹெல்மெட்டுக்குள் கேட்கும் கோச்சின் குரல் 15 நொடி மிச்சமிருக்கும்போது அறுந்துவிடும். அதற்கப்புறம் குவார்ட்டர்பேக் தனி ஆள். பின்னால் நிற்கும் சேஃப்டி (எதிரணியின் கடைசித் தடுப்பாளர்) ஒருவரா இருவரா, எந்த லைன்பேக்கர் (நடுவரிசைத் தடுப்பாளர்) பாயப்போகிறார் என்று பார்த்து, தடுப்பை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். சரிப்படாது என்று பட்டால் திட்டத்தையே மாற்றிக் கத்த வேண்டும். பந்து வந்தபின் மூன்று நொடி கிடைத்தாலே அதிகம். அதற்குள் முதல் ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்), இரண்டாமவர், மூன்றாமவர் என்று கண் போகும். மூவரையும் எதிரணி மூடியிருந்தால்தான் ஓட்டம். லமார் இவ்வளவையும் செய்துவிட்டு ஓடினாலும், வர்ணனையில் அவருடைய கால் மட்டும்தான் வரும்.

"வெறும் வார்த்தைதானே" என்பீர்கள். அந்த வார்த்தைதான் ஆளையே வேறு இடத்துக்குத் தள்ளுகிறது. மார்லின் பிரிஸ்கோ 1968இல் டென்வருக்காக 14 டச் டவுன் பாஸ் (எதிரணி எல்லையில் பிடிபட்டுப் புள்ளி தரும் வீச்சு) வீசினார். அடுத்த ஆண்டு அங்கே குவார்ட்டர்பேக் இடம் இல்லை. பஃபலோ போனார், ரிசீவராக்கினார்கள். வாரன் மூன் 1978 ரோஸ் பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரர். என்.எஃப்.எல். டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எந்த அணியும் எடுக்கவில்லை. கனடாவில் எட்மன்டனுக்கு ஆடி அந்த நாட்டு லீக் பட்டமான கிரே கோப்பையை வரிசையாக ஐந்து முறை வென்றபின், 1984இல்தான் ஹூஸ்டனில் ஆட வந்தார்.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2018 டிராஃப்டுக்கு முன் பில் போலியன் தொலைக்காட்சி விமர்சகராக இருந்தார். லமார் ரிசீவராக மாறுவதே நல்லது என்றார். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை 2016இல் வாங்கியவரைப் பற்றித்தான் இந்தப் பேச்சு! லமார் 2018இல் வேகத்தை அளக்கும் 40 கஜ ஓட்டத் தேர்வில் ஓடவே இல்லை. ஓடியிருந்தால் அந்த நேரத்தையே "பார்த்தீர்களா, ரிசீவர்தான்" என்று நீட்டியிருப்பார்கள். கல்லூரியில் கடைசி ஆண்டு அவருடைய பாஸ்களில் இலக்கை எட்டியவை சுமார் 59 சதவீதம். அதே டிராஃப்டுக்கு வந்த வெள்ளையர் ஜோஷ் ஆலனுக்குச் சுமார் 56. ஆலன் 7ஆவதாகப் போனார், லமார் 32ஆவதாக. 2019இல் லமார் ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் எம்.வி.பி. (சீசனின் சிறந்த வீரர்) ஆனார். போலியனும் தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு நேர் எதிரான வாதமும் உண்டு. கறுப்பின குவார்ட்டர்பேக் ஜெயிக்க வேண்டும் என்று ஊடகங்களே ஆசைப்பட்டு டொனோவன் மக்னாபைத் தூக்கிவிடுகின்றன என்று 2003இல் வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா ஈ.எஸ்.பி.என். விளையாட்டு சேனலில் சொன்னார். சில நாளிலேயே விலகினார். மக்னாப் அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் அணியை சூப்பர் பவுல் எனும் இறுதிப் போட்டிக்கு ஒரு படி கீழே வரை கொண்டுபோயிருந்தார். அப்புறம் என்ன தூக்கிவிடுவது?

எல்லா விமர்சனமும் இனவெறி என்று நான் சொல்லவில்லை. ஜாமார்கஸ் ரஸ்ஸல் (2007, முதல் தேர்வு) கறுப்பினத்தவர், சரியாக ஆடவில்லை. ரயான் லீஃப் (1998, இரண்டாம் தேர்வு) வெள்ளையர், அவரும் ஆடவில்லை. டிராஃப்ட் சமயத்தில் பெயர் சொல்லாத "ஒரு அணி அதிகாரி" சொல்வதில் பாதி, நல்ல ஆட்டக்காரர் தன் அணியின் முறை வரும்வரை மிஞ்சட்டும் என்று அவிழ்த்துவிடும் புளுகு. அது நிறம் பார்ப்பதில்லை.

இன்னொரு எரிச்சல். 1988 சூப்பர் பவுலுக்கு முன் டக் வில்லியம்ஸிடம் "எவ்வளவு காலமாக நீங்கள் கறுப்பின குவார்ட்டர்பேக்?" என்று கேட்டார்களாம். எல்லோரும் இதையே சொல்லிச் சிரிக்கிறார்கள். கேட்டது அப்படியல்ல. நீங்கள் எப்போதுமே கறுப்பின குவார்ட்டர்பேக்தான், அது எப்போதிலிருந்து ஒரு பொருட்டானது என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. அந்த ஆட்டத்தில் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் அவர் நான்கு டச் டவுன் பாஸ் வீசினார். அதை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு.

நீங்களே சோதிக்கலாம். லமாரையும் ஆலனையும் எடுங்கள். இருவரும் நிறைய ஓடுபவர்கள். ஓடாத ஆளோடு லமாரை ஒப்பிட்டால் கணக்கே தப்பு. ஆளுக்கு ஆறு ஆட்டமாவது பாருங்கள். வெற்றியை வெற்றியோடு, தோல்வியைத் தோல்வியோடு வையுங்கள், ஜெயித்த அன்று எல்லோருமே அறிவாளிகள். முடிந்தால் இரண்டு பேருக்கும் ஒரே வர்ணனையாளர் இருக்கட்டும். முன்கூட்டியே திட்டமிட்ட ஓட்டங்களை விட்டுவிட்டு, பாஸுக்காகப் பின்வாங்கும் ஆட்டங்களை மட்டும் எடுங்கள். ஓர் ஆட்டத்தில் 30, 40 தேறும். நேரலைக் கூச்சல் வேண்டாம், ரீப்ளேயில் பேசுவதை மட்டும் உடல், மூளை, குணம் என்று மூன்று பத்தியில் குறியுங்கள். இன்டர்செப்ஷன் ஆனால் (பாஸை எதிரணி பிடித்துவிட்டால்), பழி ரிசீவருக்கா குவார்ட்டர்பேக்குக்கா என்று தனியாக.

ரீப்ளேயை முதலில் சத்தமில்லாமல் ஓட்டி, ஹெல்மெட் எத்தனை ரிசீவர் பக்கம் திரும்புகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சத்தம் வைத்து அதே காட்சியை ஓட்டுங்கள்.