பூஞ்சை பிடித்த கேசட்டை டெக்கில் போடாதீர்கள்

பழைய வீடியோ, பழைய கம்ப்யூட்டர் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பழைய வண்ணாரப்பேட்டை மெக்கானிக் ஒருவரின் பதில்கள்

கேள்வி: 1994-ல் எடுத்த என் கல்யாண வீடியோ கேசட் இத்தனை வருடம் பரண்மேல் கிடந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால், உள்ளே சுற்றியிருக்கும் டேப்பின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. மச்சினர் வீட்டில் வீடியோ கேசட் ஓட்டுகிற டெக் இன்னும் ஓடுகிறது. போட்டுப் பார்க்கலாமா?
– காசிமேடு வாசகி

பதில்: வேண்டாம்மா. மச்சினர் வீட்டு டெக் நன்றாகவே இருக்கட்டும், ஆனால் இந்தக் கேசட்டை இப்படியே அதில் போட்டால் இரண்டுமே கெட்டுவிடும்.

நீங்கள் பார்த்த வெள்ளை, பூஞ்சை. நம் பக்கம் கடல் காற்று, மழைக்காலம் வந்தால் சுவரே வேர்க்கும். 3 மணி நேரக் கேசட் என்றால் அரை அங்குல டேப் சுமார் 250 மீட்டர், இறுக்கமாகச் சுற்றி உள்ளே இருக்கிறது. பூஞ்சை அந்தச் சுற்றுகளின் ஓரத்தில் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். டெக் இழுக்கிற இழுப்பில், ஒட்டின இடம் கிழியும். கிழியாமல் தப்பினாலும் அந்தப் பொடி, டேப்பிலிருந்து படத்தைப் படிக்கிற ஹெட்டில் அடைத்துக்கொண்டு படம் முழுக்கப் புள்ளியாக வரும். அதன்பிறகு அதே டெக்கில் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். 1980-களின் கடைசியில் ஒரு வீடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். டெக்கையும் கலர் டிவியையும் மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு, வாடகைக்குக் கேட்ட வீடுகளில் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்போம். அதற்கப்புறம் எத்தனையோ டெக்குகளைப் பிரித்திருக்கிறேன். அப்படியும் என் தங்கையின் கல்யாணக் கேசட்டை, ஓரத்தில் லேசான வெள்ளை தெரிந்தும், எல்லோரும் ஆசையாக உட்கார்ந்திருக்கிறார்களே என்று போட்டுவிட்டேன். அப்பா வாசலில் நின்று பன்னீர் தெளிக்கிற இடத்தில் கிரீச்சென்று ஒரு சத்தம். மூடியைக் கழற்றினால், ரப்பர் ரோலரில் நாலைந்து சுற்றாக டேப் கசங்கிக் கிடக்கிறது. கசங்கினதை வெட்டி, மிச்சத்தை ஒட்டினேன். நம் ஊர் டெக்கில் டேப் நகர்வது வினாடிக்கு இரண்டரை சென்டிமீட்டர் கூட இல்லை. ஒரு மீட்டர் போனால் 40 வினாடிக்கு மேல் படம் போய்விடும். அப்பா நடமாடுகிற படம் எங்கள் வீட்டில் வேறு கிடையாது.

அதனால் நிதானமாகச் செய்யுங்கள். முதலில் ஈரம் போக வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு இரண்டு வாரம் மூடி வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். சூட்டில் டேப் நெளிந்துவிட்டால் அதை நிமிர்த்த முடியாது. காய்ந்தபிறகு, இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து கேசட்டின் பிளாஸ்டிக் ஓட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம் 5 ஸ்குரூ இருக்கும். கழற்றினதும் டேப் போகிற வழியை ஒரு போட்டோ எடுத்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். மாடியில், காற்றோட்டமாக, முகத்துக்கு மாஸ்க் கட்டிக்கொண்டு செய்யட்டும். அந்தப் பொடி நெஞ்சுக்கு ஆகாது. பஞ்சு பிரியாத துணிக்கு நடுவே டேப்பை விட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். எங்காவது பிடித்தால் இழுக்கக் கூடாது, நிறுத்திப் பிரித்துவிட வேண்டும். பழைய ஓட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு ஒரு சுத்தமான கேசட்டின் ஓட்டில் டேப்பை மாற்றிவிடுவது நல்லது.

மாற்றின ஓட்டின் முதுகுப்பக்கம் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தகடு இருந்தால் உடைத்துவிடுங்கள். அது இல்லாத கேசட்டில் டெக் ரெக்கார்ட் செய்யாது. தெரியாமல் யாராவது பட்டனை அழுத்தினாலும் கல்யாணம் அழியாது. அப்புறம், அது ஓடுகிற முதல் ஓட்டமே காப்பி எடுக்கிற ஓட்டமாக இருக்கட்டும். இரண்டாவது முறை ஓடுமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஓட்டி முடித்ததும் டெக்கின் ஹெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். பளபளவென்று உருளையாக இருக்கிறதே, அந்த டிரம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுகிறது. அதன் ஓரத்தில் துளியூண்டு துருத்திக்கொண்டிருக்கும் நுனிதான் ஹெட். காது குடைகிற பட்ஸை அதில் வைக்கவே வைக்காதீர்கள். பஞ்சு இழை மாட்டினால் நுனி உடைந்துவிடும், டெக் அதோடு முடிந்தது. மெல்லிய தோல் துண்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டிரம்மை மேலிருந்து மெல்லச் சுற்றுங்கள். துடைக்கிற கை அசையவே கூடாது. மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் போய்விடும். மொபைல் ரிப்பேர் சாமான் விற்கிற கடைகளில் இந்த ஆல்கஹால் கிடைக்கும், ரிச்சி தெருவில் எங்கே கேட்டாலும் காட்டுவார்கள்.

கேள்வி: யு.எஸ்.பி. கேப்சர் கருவி வாங்கி, டெக்கிலிருந்து லேப்டாப்பில் காப்பி எடுக்கிறேன். டிவியில் கலராக வருகிற படம் லேப்டாப்பில் கறுப்பு வெள்ளையாக வருகிறது. படத்தின் அடியில் ஒரு பட்டை நெளிகிறது. டெக் பழுதா?
– எண்ணூர் வாசகர்

பதில்: டிவியில் கலர் சரியாக வருகிறது என்று எழுதினீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. டெக்கும் கேசட்டும் நன்றாக இருக்கின்றன. கேப்சர் மென்பொருளின் வீடியோ அமைப்பில் பாருங்கள், என்.டி.எஸ்.சி. என்று இருக்கும். அது அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து முறை, 525 வரிகள். நம்முடையது 'பால்' முறை, 625 வரிகள், வினாடிக்கு 25 படம். 'பால்-பி' என்று மாற்றினால் பெரும்பாலும் கலர் வந்துவிடும். வராவிட்டால் அதே இடத்தில் எஸ்-வீடியோ என்று தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். நீங்கள் மாட்டியிருப்பது மஞ்சள் பின் என்றால் காம்போசிட் என்றுதான் இருக்க வேண்டும்.

அடியில் நெளிகிற பட்டை பழுதே இல்லை. டிரம்மில் எதிரெதிராக இரண்டு ஹெட் உண்டு. ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று பிடிக்கும், அந்தக் கைமாற்றம்தான் கடைசிச் சில வரிகளில் நெளிவாகத் தெரிகிறது. எப்போதும் இருந்ததுதான், பழைய பிக்சர் டியூப் டிவி படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்துவிடும் என்பதால் நம் கண்ணில் படவில்லை. இதற்காக யாராவது ஹெட்டை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

கேள்வி: அப்பா 2005-ல் வாங்கின கம்ப்யூட்டர். அவர் எழுதின கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. பல வருடம் கழித்து ஆன் செய்தால் திரை முழுக்கக் கோடு, எழுத்துகளும் மாறி மாறித் தெரிகின்றன. திரைக்குப் படம் அனுப்புகிற ஏ.ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, ஹீட் கன் வைத்தால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: முதலில் ஒரு நிம்மதியான சேதி. கணக்கு இருப்பது ஹார்ட் டிஸ்கில். கார்டே எரிந்துபோனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி முதலில் காப்பி எடுத்துவிடுங்கள். கார்டை அப்புறம் பார்க்கலாம்.

இனி கார்டு. மானிட்டரின் மெனு பட்டனை அழுத்துங்கள். அந்த மெனுப் பெட்டியிலும் கோடு விழுந்தால் கோளாறு மானிட்டரில். மெனு சுத்தமாக இருந்து பின்னால் மட்டும் கோடு என்றால், கேபிளிலோ கார்டிலோ. கேபிள் முனையைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். 15 பின்னில் ஒன்று கம்பெனியிலேயே இல்லாமல் வருவது உண்டு, பயப்பட வேண்டாம். வளைந்த பின் இருந்தால் மெல்ல நிமிர்த்துங்கள். பின் சரியாகப் படாவிட்டால் பெரும்பாலும் நிறம்தான் மாறும். சிவப்பு போனால் படம் நீலப்பச்சையாகும், நீலம் போனால் மஞ்சளாகும். உங்களுக்கு எழுத்தே மாறுகிறது, அதனால் எனக்குக் கார்டின் மேல்தான் சந்தேகம். ஆன் செய்தவுடன் வருகிற முதல் கறுப்புத் திரையிலேயே அப்படி என்றால் விண்டோஸோ டிரைவரோ காரணமில்லை.

சந்தேகம் என்றுதான் சொன்னேன், போய்விட்டது என்று சொல்லவில்லை. கரன்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, கார்டைக் கழற்றுங்கள். அதன் அடியில் தங்கநிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். நம் கடல் காற்றில் அவை மங்கிப் போயிருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரை எடுத்து, அழுத்தாமல் நீளவாக்கில் நாலைந்து முறை தேய்த்து, தூளைத் தட்டிவிடுங்கள். உப்புத்தாள் ஆகாது, தங்கப்பூச்சே போய்விடும். கார்டு மாட்டுகிற ஸ்லாட்டை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கார்டைத் திரும்ப வைத்து, கிளிப் விழுகிற சத்தம் வரும்வரை அழுத்துங்கள். கார்டு செத்துவிட்டது என்று என்னிடம் வருவதில் நிறைய இந்த ஒரு ரப்பரில் எழுந்துவிட்டன.

கார்டு கையில் இருக்கும்போதே, அதில் சின்னச் சின்ன உருளையாக நிற்கிற கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மாற்றியாக வேண்டும். அந்த வருடங்களில் வந்த போர்டுகளில் இந்தக் கோளாறு சகஜம். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூடுதல் வோல்ட், 105 டிகிரி என்று கேட்டு வாங்குங்கள். ஃபேன் சுற்றாவிட்டால் ஸ்டிக்கரை உரித்து ஒரே ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பிசுக்காகி ஃபேனையே இறுக்கிவிடும்.

ஹீட் கன் வேண்டாம். விரிசல் பெரும்பாலும் சிப்பின் உள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத ஈயப்புள்ளிகளில் இருக்கும். சூடு காட்டினால் சில நாள் ஒட்டிக்கொண்டு ஓடும், பிறகு மறுபடியும் விட்டுப்போகும். அந்தச் சூட்டில் பக்கத்து கெப்பாசிட்டரும் கெடும். மேலே சொன்னதெல்லாம் செய்தும் கோடு போகாவிட்டால், மதர்போர்டிலேயே மானிட்டர் கேபிள் மாட்டுகிற வி.ஜி.ஏ. சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கார்டே இல்லாமல் ஓட்டலாம். இல்லாவிட்டால் வேறு பழைய கார்டு வாங்கலாம், ஆனால் பட்டைகளுக்கு நடுவே இருக்கிற வெட்டைப் பழைய கார்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள். 3.3 வோல்ட் கார்டுக்கு ஒரு இடத்திலும் 1.5 வோல்ட் கார்டுக்கு வேறு இடத்திலும் வெட்டு இருக்கும். உள்ளே போகவில்லை என்று அழுத்தித் திணித்தால் மதர்போர்டு போய்விடும்.

கேள்வி: காப்பி எடுத்துவிட்டோம். இனி கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?
– திருவொற்றியூர் வாசகி

பதில்: போடாதீர்கள். காப்பியில் எங்காவது விட்டுப்போயிருந்தால் திரும்ப எடுக்க அதுதான் மூலம். கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது, ஆனால் ஓடுகிற டெக்குகள் இன்னும் இருக்கின்றன. முழுக்க ரீவைண்ட் செய்து, புத்தகம் மாதிரி நிறுத்தி, பீரோவின் நடுத்தட்டில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பரண் சூடு ஆகாது. கட்டிலுக்கு அடியிலும் வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வந்தபிறகு சேறோடு என்னிடம் வந்த கேசட்டுகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்தவைதான்.