கொன்றவனின் தாய் பேசலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்க எழுத்தாளர் சிந்திவே மகோனாவின் ‘மதர் டு மதர்’ நாவலை வாசித்தேன். கொலை செய்தவனின் தாய், கொல்லப்பட்ட பெண்ணின் தாயிடம் பேசுகிறாள். ஆனால் பெரும்பகுதி அவளுடைய சொந்தக் கஷ்டங்கள்தான். மகளைப் பறிகொடுத்தவளிடம் போய் இதைச் சொல்வது கொலைக்கு நியாயம் கற்பிப்பதாகாதா?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

ஆகாது என்றே நினைக்கிறேன்.

1993 ஆகஸ்ட் 25 அன்று கேப் டவுனை ஒட்டிய கறுப்பர் குடியிருப்பான குகுலேத்துவில் ஏமி பீல் என்ற அமெரிக்க வெள்ளையின மாணவியை ஒரு கும்பல் கல்லெறிந்தும் குத்தியும் கொன்றது. நால்வர் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரின் தாய் தன் சிறுவயதுத் தோழி என்று மகோனாவுக்குத் தெரியவந்தபின் பிறந்தது இந்த நாவல் (1998). அதில் நால்வரும் ஒருவனாகிறார்கள்: ம்கோலிசி. இறந்தவளுக்குப் பெயர் இல்லை.

ம்கோலிசியின் தாய் மண்டிசாவின் சிறுவயதை வெறும் பின்னணி என்று எண்ணிப் புரட்டிவிட்டால்தான் அவள் பேச்சு புலம்பலாகத் தெரியும். இடத்தைக் காலிசெய்யச் சொல்லும் நிறவெறி அரசின் துண்டறிக்கைகள் விமானத்திலிருந்து விழுகின்றன. பிறகு புல்டோசர்கள் வருகின்றன. அவர்கள் வாழ்ந்த ப்ளௌவ்ளே குடிசைகள் போய், மக்கள் குகுலேத்துவின் கான்கிரீட் வீடுகளில் கொட்டப்படுகிறார்கள். பழைய அக்கம்பக்கம் சிதறுகிறது. பிள்ளைகளைக் கண்டிக்கும் உரிமை கொண்ட பெரியவர்கள் அதோடு போய்விடுகிறார்கள். பின்னாளில் மண்டிசா விடியுமுன் வெள்ளையர் வீட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். அவள் பிள்ளைகளை யார் பார்ப்பது?

நாவலின் மையம் என்று நான் கருதுவது ம்கோலிசி சிறுவனாக இருக்கும் இடம். அவன் உயிராக ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பையன்களைத் தேடிப் போலீஸ் வருகிறது. துணி அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறார்கள். கண்ணாமூச்சி விளையாட்டு என்று நம்பிய குழந்தை அங்கே இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறான். இருவரும் சுடப்படுகிறார்கள். அதன்பின் ஆண்டுக்கணக்கில் அவனுக்குப் பேச்சே வரவில்லை. தாய் இதை மன்னிப்புக்கான சாட்சியமாக வைக்கவில்லை. வளர்ந்தபின் ஒரு பெண்ணை வல்லுறவிலிருந்து காப்பாற்றியவனும் அவனே என்கிறாள். அவனைக் கொலைகாரன் என்றும் அவளே சொல்கிறாள்.

தன் பக்கத்தையும் அவள் விட்டுவைப்பதில்லை. பிள்ளைகள் முதலில் வெள்ளையரின் கார்கள் மீது கல்லெறிந்தார்கள்; பெரியவர்கள் கைதட்டினார்கள். அடுத்து கட்டடங்கள் எரிந்தன. பிறகு டயரில் பெட்ரோல் ஊற்றிக் கறுப்பர்களையே எரித்தார்கள். அப்போதும் தடுக்க ஆளில்லை. தன் மக்கள் மீதே இப்படிக் குற்றம் சுமத்துகிறவளை நியாயம் கற்பிக்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

உங்கள் குறை ஓரளவு பொருந்தும் இடம் ஒன்று உண்டு. 1856-57இல் நோங்கவுசே என்ற சிறுமியின் தீர்க்கதரிசனத்தை நம்பித் தென்னாப்பிரிக்காவின் கோசா இன மக்கள் சுமார் 4 லட்சம் மாடுகளைக் கொன்றார்கள். ஏறத்தாழ 40,000 பேர் பட்டினியில் மாண்டார்கள். வெள்ளையர்கள் கடலுக்குத் துரத்தப்படுவார்கள் என்ற அந்த நம்பிக்கையை மண்டிசா தன் தாத்தாவின் வாய்மொழியாகக் கொண்டுவரும்போது, ம்கோலிசி ஒரு பழைய பகையின் வெறும் கருவியாகச் சுருங்கும் ஆபத்து வருகிறது. அங்கே எனக்கும் நெருடல்தான்.

ஆனால் கடைசிப் பக்கத்தை மறுபடி வாசியுங்கள். அந்த நாள் மட்டும் வேறாக இருந்திருந்தால் உன் மகள் உயிரோடிருப்பாள், என் மகன் ஒருவேளை கொலைகாரனாகியிருக்க மாட்டான் என்கிறாள் மண்டிசா. உடனே, ஒருவேளை இன்னும் ஆகாமல் மட்டுமே இருந்திருப்பான் என்று சேர்த்துக்கொள்கிறாள். மகனுக்காக வாதாட வந்தவள் இந்தக் கடைசி வரியைச் சொல்லியிருக்க மாட்டாள்.