ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் ஏன் முடிவெடுத்தார்? அமெரிக்க வீரர்களின் உயிரைக் காப்பாற்றத்தானா?

ஒரு தட்டில் அணுகுண்டு, இன்னொரு தட்டில் ஜப்பான் மீதான படையெடுப்பு என்று நிறுத்துப் பார்த்து ட்ரூமன் முடிவெடுத்தார் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1945 ஜூலை 25 தேதியிட்ட உத்தரவைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

சின்னக் கடிதம்தான். ஜெனரல் ஹேண்டி, விமானப்படைத் தளபதி ஸ்பாட்ஸுக்கு எழுதியது. ஆகஸ்ட் 3 வாக்கில், வானம் தெளிந்ததும், ஹிரோஷிமா, கொக்குரா, நீகாட்டா, நாகசாகி இவற்றில் ஒன்றின் மீது முதல் குண்டு. அடுத்த வரிதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது: மேற்கொண்டு குண்டுகள் தயாராகத் தயாராக, அதே ஊர்கள் மீது போடலாம். ட்ரூமனின் கையெழுத்து அதில் இல்லை.

காரணங்கள் இல்லாமல் இல்லை. ஜப்பானின் ஒக்கினாவா தீவில் நடந்த சண்டையில் மட்டும் 12,000-க்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்திருந்தார்கள். நவம்பரில் ஜப்பானின் கியூஷூ தீவில் படை இறங்கத் திட்டம் தயார். குண்டு செய்ய ஆன செலவு சுமார் 200 கோடி டாலர். ரஷ்யாவுக்குப் பலத்தைக் காட்டும் எண்ணமும் மனதில் இருந்தது. (படையெடுத்திருந்தால் அமெரிக்கத் தரப்பில் பத்து லட்சம் பேர் செத்தோ காயப்பட்டோ போயிருப்பார்கள் என்று எல்லோரும் சொல்கிற கணக்கு, போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் 1947-இல் எழுதிய கட்டுரையால் பரவியது.) அப்புறம், அந்த மார்ச்சில் டோக்கியோவை ஒரே இரவில் எரித்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேரைக் கொன்றாகிவிட்டது. ஊரோடு அழிப்பது அதற்குள் பழகிப்போயிருந்தது.

ஆக, ஓடத் தொடங்கிய தேருக்கு ட்ரூமன் கட்டை போடவில்லை, அவ்வளவுதான். அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ஜெனரல் குரோவ்ஸும் பின்னாளில் ஏறத்தாழ இதைத்தான் சொன்னார்.

நாகசாகியைப் பாருங்கள். ஆகஸ்ட் 11-ஆம் தேதி போட இருந்ததை, வானிலை கெடும் என்று 9-க்கு முன்தள்ளியது, குண்டு விமானங்கள் கிளம்பிய டினியன் தீவில் இருந்தவர்கள். ட்ரூமனிடம் தனியாக யாரும் கேட்கவில்லை. அன்றைய இலக்கு கொக்குரா. கீழே ஒன்றும் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது.

என்னைக் கேட்டால், ட்ரூமன் தானாக எடுத்த முடிவு ஆகஸ்ட் 10-இல்தான் வருகிறது: குண்டு போடுவதை நிறுத்தச் சொன்னது. அடுத்த குண்டு 17, 18 தேதிவாக்கில் தயார் என்று குரோவ்ஸ் எழுதி அனுப்பினார். ஜனாதிபதியின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் அதைப் போடக்கூடாது என்று அந்தத் தாளிலேயே கையால் எழுதினார் ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் மார்ஷல். அன்று அமைச்சரவையில் ட்ரூமன் சொன்னதை அமைச்சர் வாலஸ் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்: இன்னும் ஒரு லட்சம் பேரை அழிப்பதை நினைக்கவே முடியவில்லையாம், அத்தனை குழந்தைகளைக் கொல்வதில் விருப்பமில்லையாம்.