1976-க்குப் பிந்தைய எம்.எஸ்.வி.: வாசகர் கேள்விகள்

மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015 ஜூலையில். அவருடைய பிற்காலப் பாடல்களைத் தேடிப் பிடித்துக் கேட்கும் ரசிகர்கள் அதன் பிறகு பெருகியிருப்பது இப்பகுதிக்கு வரும் கடிதங்களிலிருந்தே தெரிகிறது. ஒரே பொருளைச் சுற்றிவரும் சில கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் சொல்கிறோம்.

இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வந்ததோடு எம்.எஸ்.வி.யின் காலம் முடிந்தது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது சில இளைஞர்கள், 1976 முதல் பத்தாண்டுகள்தாம் அவருடைய கவனிக்கப்படாத பொற்காலம் என்கிறார்கள். இது மிகையல்லவா?
(வாசகர், கும்பகோணம்)

பொற்காலம் என்பது மிகைதான். ஆனால் காலம் முடிந்தது என்பது அதைவிடப் பெரிய மிகை. ‘அன்னக்கிளி’ வெளியானது 1976 மே மாதத்தில். அதே ஆண்டு அக்டோபரில் வந்த ‘மூன்று முடிச்சு’ படத்தின் ‘வசந்தகால நதிகளிலே’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடி முடியும் சொல்லிலேயே அடுத்த அடியைத் தொடங்கும் அந்தாதியாகக் கண்ணதாசன் எழுதியது அது. அந்தாதிக்கு மெட்டமைப்பதில் உள்ள சங்கடம், திரும்பி வரும் சொல் ஒரே இடத்தில் நின்று அரைப்பது போலக் கேட்டுவிடும் என்பதுதான். எம்.எஸ்.வி. அந்தச் சொல்லை ஓர் அடியின் இறக்கத்தில் இறக்கிவிட்டு, அடுத்த அடியின் ஏற்றத்தில் மீண்டும் எடுத்துக்கொள்கிறார். படகு அலையின் மேல் ஏறி இறங்கும் அசைவு தானாகவே அமைந்துவிடுகிறது. ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும் காதலர்களுக்காகப் பாடி முடித்த பின், காதலன் நீரில் மூழ்க, அவனைக் காப்பாற்றாமல் துடுப்புப் போடும் ரஜினிகாந்தின் வாயிலிருந்து அதே மெட்டு வருகிறது. அங்கே பாடுவது எம்.எஸ்.வி.யே. மெட்டில் பெரிய மாற்றம் எதையும் செய்யாமல், குரலை மட்டும் மாற்றிக் காதல் பாட்டைக் கொலைக்குச் சாட்சியாக்கிய துணிவு, காலம் முடிந்துபோன ஒருவரிடம் இருக்கக்கூடியது அன்று.

அப்படியானால் இந்தப் பாடல்கள் ஏன் பேசப்படாமல் போயின? இளையராஜாவின் ரசிகர்கள் மறைத்துவிட்டார்கள் என்று என் நண்பர் வாதிடுகிறார்.
(வாசகர், திருநெல்வேலி)

உங்கள் நண்பரின் வாதத்தை ஏற்பதற்கில்லை. எம்.எஸ்.வி.யின் பழைய ரசிகர்களே இந்தப் பத்தாண்டுகளை முதலில் கைவிட்டவர்கள் என்பது எம் கருத்து. அவர்களுக்கு எம்.எஸ்.வி. என்றால் டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா குரல்கள், எம்.ஜி.ஆர்., சிவாஜி முகங்கள். 1965 வரை உடனிருந்த ராமமூர்த்தியோடு சேர்ந்து அமைத்த பாடல்கள். எம்.ஜி.ஆர். 1977-இல் முதலமைச்சரானார், அவருடைய கடைசிப் படமான ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ 1978 ஜனவரியில் எம்.எஸ்.வி.யின் இசையோடுதான் வந்தது. அதன் பிறகு எம்.எஸ்.வி. பெரிதும் நம்பிய குரல்கள் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துடையவையும் வாணி ஜெயராமுடையவையும் ஆகும். பழைய ரசிகர்கள் தங்களுக்குப் பழக்கமான குரல்களைக் காணாமல் அங்கேயே நின்றுவிட்டார்கள். அடுத்த தலைமுறையோ கமல்ஹாசன், ரஜினிகாந்த் படம் என்றாலே இசை இளையராஜாதான் என்று எண்ணிக்கொண்டு வளர்ந்தது. ‘இலக்கணம் மாறுதோ’வையும் ‘கனா காணும் கண்கள் மெல்ல’வையும் இளையராஜா பாடல்கள் என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்களை இன்றும் பார்க்கலாம். ஆக, இரண்டு தலைமுறைகளுக்கு நடுவே விழுந்த பாடல்கள் இவை. யாரும் சதி செய்யவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2007-இல் ‘பொல்லாதவன்’ படத்துக்காக, எம்.எஸ்.வி. ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்கு அமைத்த ‘எங்கேயும் எப்போதும்’ மறுகலவை (ரீமிக்ஸ்) செய்யப்பட்டது. அதே ஆண்டு வந்த புதிய ‘பில்லா’வில் 1980-ஆம் ஆண்டுப் ‘பில்லா’வின் பாடல்கள் திரும்ப வந்தன. அவற்றுக்கு ஆட்டம் போட்டவர்களில் எத்தனை பேர் மூலப் பாடல்களின் இசையமைப்பாளர் யாரென்று கேட்டிருப்பார்கள்?

இந்தக் காலத்துப் பாடல்களில் பெரும்பாலானவை கே.பாலசந்தர் படங்களில்தானே உள்ளன? புகழ் இயக்குநருக்கா, இசையமைப்பாளருக்கா?
(வாசகி, கோயம்புத்தூர்)

நல்ல கேள்வி. ‘அவர்கள்’, ‘பட்டினப் பிரவேசம்’ (இரண்டும் 1977), ‘நிழல் நிஜமாகிறது’ (1978), ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979), ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980), ‘தில்லு முல்லு’, ‘47 நாட்கள்’, ‘தண்ணீர் தண்ணீர்’ (மூன்றும் 1981), ‘அக்னி சாட்சி’ (1982) என்று வரிசையாகப் பார்த்தால், இந்தக் காலத்து எம்.எஸ்.வி.யின் சிறந்த பாடல்களில் பாதிக்கு மேல் இவற்றுக்குள் அடங்கிவிடும் போலத் தோன்றுகிறது. பாலசந்தர் பாடலைக் கதையிலிருந்து விலக்கி வைக்கும் இடைவேளையாகக் கருதியவர் அல்லர். பாட்டு முடியும்போது பாத்திரங்கள் தொடங்கிய இடத்தில் நிற்கக்கூடாது என்பது அவருடைய முறை. அந்தக் கட்டாயம் எம்.எஸ்.வி.யிடமிருந்து புதிய வடிவங்களை வரவழைத்தது.

‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தின் ‘சிப்பி இருக்குது முத்தும் இருக்குது’ பாடலை ஒருமுறை கவனமாகக் கேளுங்கள். ஸ்ரீதேவி வார்த்தையில்லாத மெட்டை முணுமுணுக்க, கமல்ஹாசன் அந்தச் சந்தத்துக்கு அங்கேயே சொல் கொடுக்கிறார். இது எம்.எஸ்.வி.யும் கண்ணதாசனும் பாடல் அமைக்க உட்கார்ந்த அறையில் நாள்தோறும் நடந்த காரியம். ஆர்மோனியத்தில் மெட்டு வரும்; எதிரிலிருந்து வரி வரும். அந்தத் தொழிலையே காதல் காட்சியாக்கிவிட்டார்கள். ஸ்ரீதேவிக்காக எஸ்.ஜானகி பாடும் தத்தகாரம் (சொல்லில்லாத ‘தனன’ ஒலிகள்) தொடக்கத்தில் எளிய சிறு துண்டுகளாக வருகிறது. போகப் போக, ‘இதற்குச் சொல் போடு, பார்க்கலாம்’ என்று சீண்டுவது போல வளைந்து நெளிகிறது. சரணத்தில் மெட்டும் சொல்லும் துண்டு துண்டாக மாறி மாறி வந்து, இருவரும் ஒரே வாக்கியத்தை முடிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அதற்குமேல் காதலைச் சொல்ல அவர்களுக்கு வசனம் தேவைப்படவில்லை. சூழலைக் கொடுத்தவர் பாலசந்தர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஏற்றத்தை மெட்டுக்குள் அமைத்தவர் எம்.எஸ்.வி.; அந்தப் பங்கை வேறு யாருக்கும் பிரித்துக் கொடுக்க இயலாது.

இதே படத்தில் ‘நல்லதோர் வீணை செய்தே’ என்ற பாரதி பாடலும் உண்டு. ‘அவர்கள்’ படத்தில் பொம்மைக்குச் சதன் குரல் கொடுக்க, பாலசுப்ரமணியம் அதனோடு உரையாடும் ‘ஜூனியர்’ பாடலும் உண்டு. ‘பட்டினப் பிரவேச’த்தின் ‘வான் நிலா’வில் அடிதோறும் ‘லா’ என்று முடியும் இயைபு கண்ணதாசனின் விளையாட்டு. அது வெறும் வித்தையாகக் கேட்காதபடி, ஒவ்வொரு ‘லா’வையும் மென்மையாக நீட்டி வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டது இசையமைப்பாளரின் பொறுப்பு.

ஆந்திரத்தில் உள்ள என் உறவினர்கள் எம்.எஸ்.வி.யின் சிறந்த காலமே எழுபதுகளின் பிற்பகுதி என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், திருத்தணி)

அவர்களுடைய பார்வையில் அதுவே இயல்பு. 1978-இல் எம்.எஸ்.வி.யின் இசையோடு வந்த ‘மரோ சரித்ரா’ சென்னையிலேயே தெலுங்குப் படமாக ஓராண்டுக்கும் மேல் ஓடியது. ‘அவர்கள்’, ‘நூல்வேலி’, ‘வறுமையின் நிறம் சிவப்பு’ ஆகியவை தெலுங்கிலும் அவருடைய இசையோடு வந்தன. ‘நூல்வேலி’யில் எம்.பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘மௌனத்தில் விளையாடும் மனசாட்சியே’ தமிழில் ஓரளவே அறியப்பட்டிருக்க, அதன் தெலுங்கு வடிவத்தை அங்கே கொண்டாடுகிறார்கள். ‘பாசமலர்’ காலத்தோடு ஒப்பிட்டு இவற்றைக் குறைத்துப் பேசும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

சரிவே இல்லை என்று சொல்ல வருகிறீர்களா?
(வாசகர், சேலம்)

இல்லை. சரிவு இருந்தது, ஆனால் அது 1976-இல் தொடங்கவில்லை. 1981 அக்டோபரில் கண்ணதாசன் மறைந்தது பெரிய இழப்பு. வாலியோடு ‘அக்னி சாட்சி’யிலும் ‘சிம்லா ஸ்பெஷ’லிலும் (1982) நல்ல பாடல்கள் அமைந்தன என்றாலும், முதல் வரி வரும்வரை மெட்டை மாற்றிக்கொண்டே போகும் பழைய உட்காரல் திரும்பவில்லை. பாலசந்தரும் 1984-இல் ‘அச்சமில்லை அச்சமில்லை’க்கு வி.எஸ்.நரசிம்மனையும், 1985-இல் ‘சிந்து பைரவி’க்கு இளையராஜாவையும் நாடினார். பிறகு எம்.எஸ்.வி.க்கு வந்த படங்களில் பல, நல்ல மெட்டைப் போட்டாலும் அதை வைக்க இடமில்லாத படங்கள். ஒலிப்பதிவின் தரத்திலும் ஒரு வேறுபாடு கேட்கிறது. இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் முன்பே எழுதிவைத்த இழைகளோடு வந்தபோது, எம்.எஸ்.வி.யின் பின்னணி இசை சில பாடல்களில் மெட்டுக்கு இடம் நிரப்புவதோடு நின்றுவிடுகிறது. இதை மறைத்துவிட்டு மறுமதிப்பீடு செய்வதில் பொருளில்லை.

எனினும் இருவரையும் எதிரெதிரே நிறுத்தும் வழக்கத்தை 1986-ஆம் ஆண்டின் ‘மெல்லத் திறந்தது கதவு’ கலைத்துவிடுகிறது. இருவர் பெயரிலும் இசை வந்த அந்தப் படத்தில், ‘வா வெண்ணிலா’ போன்ற பாடல்களின் மெட்டுகள் எம்.எஸ்.வி.யுடையவை என்றும், அவற்றுக்கான வாத்தியக் கோவை இளையராஜாவுடையது என்றும் சொல்லப்படுகிறது. மேற்சொன்ன குறை அங்கே இல்லாததைக் காது உடனே கண்டுகொள்ளும்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?
(மாணவி, மதுரை)

‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தின் பாடல்களை வரிசையாகக் கேளுங்கள். ‘சம்போ சிவ சம்போ’வில் அவருடைய குரலும் கிடைக்கும். பிறகு ‘இமயம்’ படத்தின் ‘கங்கை யமுனை’, ‘அந்தமான் காதலி’யின் ‘நினைவாலே சிலை செய்து’, ‘சுஜாதா’வில் கல்யாணி மேனன் பாடிய ‘நீ வருவாய் என’ ஆகியவற்றுக்குச் செல்லலாம். ‘அக்னி சாட்சி’யின் ‘கனா காணும் கண்கள் மெல்ல’ பாடலை மட்டும் படத்தோடு பாருங்கள். மனம் கலங்கிய மனைவியிடம் கணவன் பாடுகிறான் என்பது தெரியாவிட்டால், பாலசுப்ரமணியம் ஏன் அவ்வளவு தாழ்ந்த குரலில், ஒரு சொல்லையும் அழுத்தாமல் பாடுகிறார் என்பது விளங்காது.