சொன்னவருக்கே முதல் காட்சி
வாசகர் கேள்வி – பதில்: ஊர்க்கதை நாடகம்

கேள்வி: ஊர்க்காரர்களின் அனுபவங்களை வைத்தே நாடகம் போட நினைக்கிறோம். வீடு வீடாகப் போய்க் கேட்டால் ரோடு சரியில்லை, தண்ணீர் வரவில்லை என்றுதான் சொல்கிறார்கள். கதையை எப்படிக் கேட்டு வாங்குவது? – வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: கையில் நோட்டோடு போயிருப்பீர்கள். நோட்டைப் பார்த்தாலே மனு கொடுக்கிற பேச்சு வந்துவிடும். கணக்கெடுப்பு, நிவாரணம் என்று எழுதிக்கொண்டு போனவர்களை நம் பக்கத்து ஜனங்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். ‘உங்க பிரச்சினை என்ன?’ என்று கேட்காதீர்கள். ஒரு நாளைப் பற்றி, ஒரு பொருளைப் பற்றிக் கேளுங்கள். ‘2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்ச ராத்திரி, வீட்டை விட்டு ஓடுறப்ப கையில எதை எடுத்தீங்க அக்கா?’ ரேஷன் கார்டு என்பார் ஒருவர், ஆட்டுக்குட்டி என்பார் இன்னொருவர். ஏன் அதை எடுத்தார் என்பதிலிருந்து கதை பிறக்கும்.

வட்டமாக உட்காரவைத்துக் கேளுங்கள்; ஒரு வட்டத்தில் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பெண்கள் தனியாக உட்காரட்டும். மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் இருந்தால் இருவருமே பேசமாட்டார்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம், நடுவில் யாரும் குறுக்கிடக்கூடாது. நடவு நாட்களில் கூப்பிடாதீர்கள், இடுப்பொடிந்து வந்தவர்களுக்குத் தூக்கம்தான் முக்கியம். சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனியில், அடுப்பு வேலை ஓய்ந்த ஏழரை மணிக்கு மேல் நல்லது. செல்போனை நடுவில் வைத்துப் பதிவு செய்தால் குரலே மாறிவிடும். கேட்ட இருவர் அன்றிரவே உட்கார்ந்து, சொன்னவரின் சொற்களிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: இருபது கதை சேர்ந்துவிட்டது. வசனம் எழுதினால் மேடைப் பேச்சு மாதிரி ஆகிறது. – வாசகி, மன்னார்குடி

பதில்: வசனத்தை முதலில் எழுதியதுதான் கோளாறு. மூன்று நான்கு கதை போதும். ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன வேண்டும், யார் மறிக்கிறார் என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதிக்கொண்டு வாயில் வந்ததைப் பேசி நடித்துப் பாருங்கள். மூன்றாவது நான்காவது தடவையில் எந்த வரி தானாகத் திரும்ப வருகிறதோ அதை மட்டும் குறித்து வையுங்கள். ஒரு காட்சி ஐந்தாறு நிமிஷம், முழு நாடகம் முக்கால் மணி நேரம். அதைத் தாண்டினால் குழந்தைகள் எழுந்துவிடும், பின்னாலேயே தாய்மார்களும் எழுவார்கள்.

கேள்வி: கூலித் தகராறு பற்றிச் சொன்ன அம்மா இப்போது தயங்குகிறார். ஒத்திகை முடிந்துவிட்டது. என்ன செய்வது? – வாசகர், கீழ்வேளூர்

பதில்: அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். இதில் பேரம் கிடையாது. நீங்கள் நாடகம் முடிந்து வீட்டுக்குப் போவீர்கள். மறுநாள் காலையில் அதே வயலில் வேலை கேட்டு நிற்பவர் அவர்.

இந்த நிலை வராமலிருக்க வழி உண்டு. சம்மதத்தை மூன்று தடவை கேளுங்கள்: கதை சொன்ன அன்று, காட்சி உருவானதும், நாடகத்துக்கு முந்தின நாள். இரண்டாவது தடவை வாயால் கேட்டால் போதாது. அவர் வீட்டுத் திண்ணையிலேயே, அவருக்கு மட்டும் நடித்துக் காட்டுங்கள். ‘நான் அப்படி அழலையே தம்பி, வாளியத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்’ என்று அவர் திருத்துவார். அந்த வாளிதான் உங்கள் காட்சி. பேரை மாற்றினால் மட்டும் ஆளை மறைக்க முடியாது. தெரு, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரண்டு மூன்று பேரின் கதையை ஒரே பாத்திரமாக்குவது இன்னும் பாதுகாப்பு. சொன்னவரையே அவர் வேஷத்தில் நடிக்க வைக்காதீர்கள். பட்ட வலியை ஒவ்வொரு ஒத்திகையிலும் திரும்பப் படவைப்பது கொடுமை.

பெருங்கொடுமைகளைத் தொடும்போது கூடுதல் கவனம் வேண்டும். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதை நெருப்பும் அலறலுமாக நடித்துக் காட்ட வேண்டியதில்லை. பார்ப்பவர்களில் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். விளக்கைக் குறைத்து, இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தால் போதும்.

கேள்வி: பார்வையாளரை நடுவில் எழுந்து நடிக்க வைக்கும் முறையைப் பயன்படுத்தலாமா? – வாசகர், மயிலாடுதுறை

பதில்: பிரேசிலின் அகுஸ்தோ போவால் 1970களில் வளர்த்த முறை அது. காட்சியை, பாதிக்கப்பட்டவர் தோற்கிற இடத்தில் முடிப்பீர்கள். மறுபடி முதலிலிருந்து ஆடும்போது, பார்ப்பவர் யாராவது ‘நிறுத்து’ என்று சொல்லி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு விதமாக நடந்து பார்க்கலாம். கூலித் தகராறுக் காட்சி என்றால், பண்ணையாரின் இடத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவர் சட்டென்று நல்லவராகிவிடுவார், பிரச்சினை ஒரு நிமிஷத்தில் தீர்ந்த மாதிரி இருக்கும், ஊருக்கு ஒன்றும் மிஞ்சாது. நடத்துபவர் தீர்ப்பு சொல்லாமல் ‘இது நம்ம ஊர்ல நடக்குமா?’ என்று மட்டும் கூட்டத்தைக் கேட்கவேண்டும். முதலில் யாரும் எழமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிஷம் பேசச் சொல்லுங்கள், தைரியம் வந்துவிடும்.

கேள்வி: போன தடவை பின்வரிசைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. – வாசகி, வேளாங்கண்ணி

பதில்: மாலையில் கிழக்கே கடலிலிருந்து காற்று வரும். நடிகர்கள் கிழக்குப் பக்கம், கூட்டம் மேற்கே இருக்கட்டும்; காற்றே குரலைக் கொண்டுபோகும். முதல் நாளே அதே நேரத்தில் மூங்கிலில் ஒரு துணி கட்டித் திசையைப் பாருங்கள், வேதாரண்யத்துக்குத் தெற்கே போனால் அது மாறும். நூற்றைம்பது பேர் வரைக்கும் மைக் வேண்டாம். தொங்குகிற மைக் வசனத்தைவிடக் காலடிச் சத்தத்தைத்தான் பிடிக்கும். ஒலிபெருக்கி வைத்தால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், இரவு பத்துக்குள் முடியுங்கள். ஜெனரேட்டர் நூறடிக்கு அப்பால், ஒரு சுவருக்குப் பின்னால் இருக்கட்டும். விளக்கு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பாதி முகம் இருண்டுவிடும்; இரண்டு பக்கமும் பத்தடி உயரத்தில் ஒவ்வொன்று கட்டுங்கள்.

தப்பு (பறை) வாசிப்பதாக இருந்தால் இன்னொன்று: பனி இறங்கினால் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகும். காட்சிகளுக்கு இடையே காய்ச்ச, ஒரு கட்டு வைக்கோலும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் தயாராக இருக்கட்டும்.